நீரில் நுண்துகள்கள்: எந்த முறையில் சிமுலேஷன் செய்வது?

நீரில் மிதக்கும் நுண்துகள்கள் எப்படி நகரும் என்று கணினியில் போட்டுப் பார்க்க வேண்டும். கையில் ஆறு மாதம், ஒரு நல்ல டெஸ்க்டாப், ஒரு ஜிபியு. எந்த முறையில் இறங்குவது? முதுகலை ப்ராஜெக்ட் செய்பவர்களும் புதிதாக ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களும் இதைக் கேட்கும்போது பெரும்பாலும் கிடைக்கும் பதில், "நம்ம லேபில் ஓப்பன்ஃபோம் இருக்கு, அதிலேயே போடு" என்பதுதான் (ஓப்பன்ஃபோம் பாய்ம ஓட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள்). மென்பொருளின் பெயர் கடைசியில் வர வேண்டியது. இந்தத் துகளுக்கு எது முக்கியம், எதைத் தூக்கி எறியலாம் என்ற கணக்குதான் முதலில். அது அரைப் பக்கத்தில் முடிந்துவிடும்.

தவறான முறையைத் தேர்ந்தெடுத்தால் அது நம்மைத் தடுத்து நிறுத்தாது, அதுதான் சிக்கல். நிரல் ஓடும், துகள்கள் நகரும், வீடியோ அழகாகவே வரும். பல மாதம் கழித்துச் சோதனை முடிவுகளோடு ஒப்பிடும்போதுதான் எண்கள் மூன்று மடங்கு தள்ளி நிற்பது தெரியும். அதனால் ஒவ்வொரு முறையும் எதைத் தருகிறது என்பதோடு, எதைச் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறது என்பதையும் பார்க்கலாம்.

முதலில் ஒரே ஒரு மணி

எடுத்துக்காட்டுக்கு ஒரு பாலிஸ்டைரீன் மணியை எடுத்துக்கொள்வோம். விட்டம் 1 மைக்ரான், 25 டிகிரி நீர். கொலாய்டு ஆய்வுக்கூடங்களில் சர்வசாதாரணமாகப் புழங்கும் பொருள். 1851இல் ஸ்டோக்ஸ் தந்த இழுவிசைச் சூத்திரமும் 1905இல் ஐன்ஸ்டைன் தந்த விரவல் (துகள் தானாகப் பரவுவது) சூத்திரமும் கையில் இருந்தால் இதன் ஜாதகத்தைக் கணித்துவிடலாம்.

நீரைவிடச் சற்றே கனம் என்பதால் இது நொடிக்கு 0.03 மைக்ரான் வேகத்தில் மூழ்கும். பிரௌனியன் இயக்கத்தில், அதாவது நீர் மூலக்கூறுகள் இடிப்பதால் வரும் தற்செயல் அசைவில், தன் ஆரத்தின் அளவுக்கு நகர அரை நொடி வாக்கில் ஆகும். ஒரு தள்ளு தள்ளிவிட்டு விட்டால், அந்த வேகத்தை மறக்க 0.07 மைக்ரோநொடி போதும். சுற்றியுள்ள நீரில் எழுந்த கலக்கம் மணியின் அளவுக்குப் பரவ 0.3 மைக்ரோநொடி. நொடிக்கு 1 மில்லிமீட்டர் வேகத்தில் இழுத்தாலும் இதன் ரெனால்ட்ஸ் எண் (நீரின் நிலைமத்துக்கும் பாகுநிலைக்கும் உள்ள விகிதம்) ஆயிரத்தில் ஒன்றுக்குப் பக்கத்தில்தான் வரும்.

இதில் கவனிக்க வேண்டியது அரை நொடிக்கும் 0.07 மைக்ரோநொடிக்கும் உள்ள இடைவெளி. 70 லட்சம் மடங்குக்கு மேல். நமக்கு வேண்டிய நிகழ்வு நொடிகளில் நடக்கிறது, மணியின் உந்தம் அழிவதோ மைக்ரோநொடிக்கும் கீழே. கீழே இருப்பதைப் பின்தொடரும் எந்த முறையும் மேலே இருப்பதைப் பார்க்கத் தவியாய்த் தவிக்கும். இனி வரும் தேர்வுகள் எல்லாமே இந்த இடைவெளியை எப்படித் தாண்டுவது என்பதைச் சுற்றித்தான்.

இன்னொரு எண்ணும் வேண்டும். மந்தமான நீரில் ஒரு துகள் நகர்ந்தால் அதன் தாக்கம் தூரத்தோடு மிக மெதுவாகத்தான் குறைகிறது: தூரம் இரட்டித்தால் தாக்கம் பாதி, அவ்வளவுதான். ஒரு மணி கீழே இறங்கும்போது, அதற்கு நேர் கீழே 10 ஆரம் தள்ளி இருக்கும் மணியும் அதன் வேகத்தில் ஏறக்குறைய 15 சதவீதத்தோடு இழுபடும். பக்கவாட்டில் அதே தூரத்தில் இருந்தால் 7.5 சதவீதம். மணிகள் தொட்டுக்கொள்ளவே இல்லை, இடையில் இருப்பது வெறும் நீர். இந்த நீர்வழி உறவு உங்கள் கேள்விக்கு வேண்டுமா, வேண்டாமா? முதல் கிளை இங்கேதான் பிரிகிறது.

நீரை வெறும் உராய்வாக மட்டும் வைப்பது

இருப்பதிலேயே மலிவான வழி, நீரை முழுவதுமாக எடுத்துவிட்டு ஒவ்வொரு மணிக்கும் ஒரு இழுவிசையும் ஒரு தற்செயல் உதறலும் தருவது. எளிய பிரௌனியன் டைனமிக்ஸ். மணிகளுக்கு இடையில் நீர்வழி உறவு கிடையாது. உந்தத்தையும் கணக்கில் எடுப்பதில்லை, நிலை மட்டும்தான். ஒரு டைம்ஸ்டெப்பில் (கணக்கு ஒரு அடி முன்னேறும் நேரம்) மணி தன் ஆரத்தில் 2 சதவீதம் நகரலாம் என்று வைத்தால் டைம்ஸ்டெப் 0.1 மில்லிநொடி. 10 லட்சம் அடிகளில் 100 நொடி நிஜ நேரம் கிடைத்துவிடும். ஆயிரம் மணிகளுக்கு இதை ஒரு சாதாரண லேப்டாப் ஒரு சாயங்காலத்துக்குள் முடிக்கும்.

இதை "குழந்தைத்தனமான மாடல்" என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. சமநிலையில் மணிகள் எப்படி அடுக்கிக்கொள்கின்றன என்பது அவற்றுக்கு இடையிலான ஈர்ப்பு, விலக்கு, வெப்பநிலை ஆகியவற்றைப் பொறுத்தது. நீர் அங்கே போய்ச்சேரும் வேகத்தை மாற்றுமே தவிர, போய்ச்சேரும் இடத்தை மாற்றாது. ஆகவே கேள்வி "எந்த அடர்த்தியில் படிகமாகும்", "சமநிலையில் ஒரு மணியைச் சுற்றி எத்தனை மணிகள்" என்பது போல இருந்தால் இந்த மலிவான முறையே சரியான விடையைத் தரும். அதற்குமேல் செலவழிப்பது வீண். கேள்வியில் "எவ்வளவு வேகமாக" என்ற சொல் வந்தால் கதை வேறு. மூழ்கும் வேகம், கூட்டாக விரவும் வேகம், ஜெல் உருவாகும் பாதை, இவற்றில் எல்லாம் நீர் இல்லாத மாடல் பொய் சொல்லும்.

லாம்ப்ஸ் என்ற துகள் சிமுலேஷன் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. அதில் லாஞ்செவின் முறையை (உராய்வு, உதறலோடு துகளின் நிறையையும் கணக்கில் எடுப்பது) எடுத்து மணியின் உண்மையான நிறையைப் போட்டால், டைம்ஸ்டெப் 10 நானோநொடி அளவில்தான் நிலையாக ஓடும். அதே 100 நொடிக்கு 1,000 கோடி அடிகள். தேவையே இல்லாத ஒன்றைத் துல்லியமாகக் கணக்கிட்டுக்கொண்டிருப்போம். உந்தம் மறையும் நேரத்தைச் செயற்கையாக நீட்டி, ஆனாலும் விரவல் நேரத்தைவிட நன்றாகக் குறைவாக வைத்தால் போதும். அல்லது நிறையே இல்லாத பிரௌனியன் முறையை நேரடியாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவதுதான் சுத்தம்.

நீர்வழி உறவைச் சேர்ப்பது

1978இல் எர்மாக்கும் மெக்கம்மனும் தந்த வழிமுறை இன்றும் அடித்தளம். எல்லா மணிகளின் நிலைகளிலிருந்தும் ஒரு நகர்திறன் மேட்ரிக்ஸ் கட்டவேண்டும்: எந்த மணியில் விசை கொடுத்தால் எந்த மணி எவ்வளவு நகரும் என்பது அதில் இருக்கும். அந்த மேட்ரிக்ஸுக்கு ரோட்னே, ப்ராகர் (1969), யமகாவா (1970) ஆகியோரின் வடிவத்தைத்தான் பெரும்பாலோர் எடுக்கிறார்கள். மணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டாலும் அதில் எதிர்மறை உராய்வு வராது என்பது பெரிய நிம்மதி. தற்செயல் உதறல்களும் இனி தனித்தனி அல்ல. அருகருகே உள்ள மணிகள் சேர்ந்தே உதறப்பட வேண்டும், அதற்கு அந்த மேட்ரிக்ஸின் வர்க்கமூலம் வேண்டும். செலவு அங்கேதான்.

ஆயிரம் மணிகளுக்கு மேட்ரிக்ஸ் 72 மெகாபைட். வர்க்கமூலத்துக்காகச் சோலெஸ்கி முறையில் அதை உடைப்பதும் இன்றைய கணினிக்கு ஒரு நொடிகூட ஆகாது. மணிகளை இரட்டித்தால் நினைவகம் நான்கு மடங்கு, வேலை எட்டு மடங்கு. பத்தாயிரம் மணிகளில் மேட்ரிக்ஸ் 7.2 ஜிகாபைட் ஆகி, ஒவ்வொரு அடியும் இழுத்தடிக்கும். 1986இல் ஃபிக்ஸ்மன் செபிஷேவ் பல்லுறுப்புக் கோவைகளால் வர்க்கமூலத்தைத் தோராயமாக எடுக்கும் வழி சொன்னார். 2017இல் வந்த, எவால்டு கூட்டலை (தூரத்து உறவுகளை வேகமாகக் கூட்டும் வழி) அடிப்படையாகக் கொண்ட முறை ஜிபியுவில் லட்சக்கணக்கான மணிகள் வரை போகிறது. ஹூம்ட்-ப்ளூ மென்பொருளுக்கு அதன் பிளக்-இன் இருக்கிறது. ஆனால் சில நூறு மணிகள்தான் என்றால் இவை எதுவும் வேண்டாம். பைத்தானில் 200 வரியில் நீங்களே எழுதிவிடலாம். எழுதினால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும் என்பது கூடுதல் லாபம்.

இந்த முறை விட்டுவிடுவது, மணிகள் மிக நெருங்கும்போது இடையில் சிக்கும் நீர்ப்படலம். இரண்டு மணிகளுக்கு நடுவில் ஆரத்தின் நூறில் ஒரு பங்கு இடைவெளிதான் என்றால், அந்த மெல்லிய நீரை வெளியே பிதுக்கப் பெரும் விசை வேண்டும். ரோட்னே-ப்ராகர் வடிவத்துக்கு அது தெரியாது. பருமனில் 10 சதவீதம் வரை மணிகள் உள்ள கரைசலுக்கு இது பெரிய குறை அல்ல. அதற்குமேல் குறை வளர்ந்துகொண்டே போகும்.

சுவர் பக்கத்தில் இருந்தால் இன்னொரு நுணுக்கம். கண்ணாடித் தகட்டுக்கு அருகே மணியின் நகர்திறன் குறைகிறது. எல்லையற்ற நீருக்கான ரோட்னே-ப்ராகர் வடிவத்தில் நகர்திறன் இடத்துக்கு இடம் மாறும் விகிதம் (டைவர்ஜன்ஸ்) பூஜ்யமாகிவிடுவதால் எர்மாக்-மெக்கம்மன் சமன்பாட்டின் ஒரு உறுப்பைக் கவலையில்லாமல் விட்டுவிடலாம். சுவர் வந்ததும் அந்த உறுப்பு உயிர்பெறுகிறது. அதை விட்டுவிட்டால், ஈர்ப்பே இல்லாத மணிகளும் சுவரோரமாகக் குவியத் தொடங்கும். பார்ப்பவர் "சுவர் ஈர்க்கிறது" என்று ஒரு கட்டுரையே எழுதிவிடலாம்!

இதைப் பிடிக்க அருமையான சோதனை ஒன்று இருக்கிறது. 1908இல் ழான் பெரன் மைக்ரோஸ்கோப்பில் செய்ததேதான்: மூழ்கும் துகள்களின் எண்ணிக்கை உயரத்தோடு எப்படிக் குறைகிறது என்று எண்ணுவது. சமநிலையில் அது அடுக்குக்குறிச் சரிவாக இருந்தே ஆக வேண்டும், நீர் என்ன செய்தாலும் சரி. நம் பாலிஸ்டைரீன் மணிக்கு அந்தச் சரிவின் உயரம் 15 மைக்ரான். உங்கள் நிரல் தரையோரத்தில் அதைவிட அதிகமாகக் காட்டினால், விடுபட்ட உறுப்பைத் தேடுங்கள்.

ஸ்டோக்ஸியன் டைனமிக்ஸ்

நெருங்கும் மணிகளுக்கு இடையிலான நீர்ப்படலத்தையும் சேர்த்துக் கணக்கிட ஜான் பிராடியும் ஜார்ஜ் போசிஸும் 1980களில் வளர்த்தெடுத்தது இந்த முறை. தூரத்து உறவை மேட்ரிக்ஸால், பக்கத்து உறவை இரண்டு கோளங்களுக்கான துல்லியமான விடைகளால் என்று இரண்டையும் ஒட்டுகிறது. ஒவ்வொரு மணிக்கும் 11 எண்கள்: விசைக்கு 3, முறுக்கத்துக்கு 3, மணியை இழுத்து நீட்டப் பார்க்கும் தகைவுக்கு 5. ஆயிரம் மணிகள் என்றால் மேட்ரிக்ஸ் ஒரு ஜிகாபைட்டைத் தொடும், பத்தாயிரம் என்றால் 97 ஜிகாபைட். இந்தச் சுவரை உடைக்க 2001இல் சியரூவும் பிராடியும் ஒரு வேகமான வடிவத்தையும், 2019இல் ஃபியோரேயும் ஸ்வானும் இன்னும் வேகமான ஒன்றையும் தந்தார்கள்.

பருமனில் 30, 40 சதவீதம் மணிகள் உள்ள கரைசலின் பாகுநிலைதான் கேள்வி என்றால் இதைத்தான் முதலில் சொல்வார்கள். நான் கொஞ்சம் தயங்குவேன். காரணம், சோளமாவுக் கரைசல் போலச் சட்டென்று கெட்டிப்படும் கலவைகள். உராய்வில்லாத வழவழப்பான கோளங்களை வைத்து வரும் கெட்டிப்படுதல் மிதமானது, சோதனையில் தெரியும் திடீர்த் தாவல் அதில் வராது. 2013இல் செட்டோ, மாரி, மோரிஸ், டென் ஆகிய நால்வர், மணிகள் நிஜமாகவே தொட்டு உராய்கின்றன என்று சேர்த்ததும் அந்தத் தாவல் வந்தது. அவர்கள் தூரத்து நீர்வழி உறவை விட்டுவிட்டு, பக்கத்து நீர்ப்படலத்தையும் தொடுகை உராய்வையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். அடர்ந்த கலவையில் தூரத்து உறவை நடுவில் உள்ள மணிகளே மறைத்துவிடுகின்றன என்பதால் அது எடுபட்டது. அதிக விலை கொடுத்து வாங்கிய துல்லியம் தவறான இடத்தில் இருந்தால் பயனில்லை. அடர்ந்த, வெட்டுவிசைக்கு உள்ளாகும் கலவைக்கு நான் அந்த எளிய வழியையே எடுப்பேன். நடுத்தர அடர்த்தி, பிரௌனியன் இயக்கம், நீர்வழி உறவு மூன்றும் ஒன்றாக வேண்டும் என்றால் மட்டும் முழு ஸ்டோக்ஸியன்.

லாட்டிஸ் போல்ட்ஸ்மான்: ஐம்பது நாளா, அரை மணி நேரமா?

இதுவரை சொன்னவை நீரை நேரடியாகத் தீர்க்காதவை. லாட்டிஸ் போல்ட்ஸ்மான் முறை (சுருக்கமாக எல்பிஎம்) நீரை உண்மையிலேயே ஓடவிடுகிறது. கட்டங்களாகப் பிரித்த வெளியில், ஒவ்வொரு கட்டத்திலும் 19 திசைகளில் நகரும் எண்கள், மோதல், அடுத்த கட்டத்துக்குத் தாவல். இதில் திடத் துகள்களை மிதக்கவிடும் வழியை டோனி லாட் 1994இல் விரிவாகத் தந்தார். வளைந்த கால்வாய், நுண்துளைப் பாறை என்று எந்த வடிவச் சுவரையும் சேர்ப்பது எளிது. ஜிபியுவுக்கும் வெகு பொருத்தம். துகள்களின் எண்ணிக்கை கூடினாலும் செலவு அவ்வளவாகக் கூடாது. அதனால்தான் இன்றைக்கு யாரைக் கேட்டாலும் "எல்பிஎம் போடு" என்கிறார்கள்.

சரி, நம் மணிக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஆரத்துக்கு 5 கட்டங்கள் வேண்டும் என்றால் கட்டத்தின் அளவு 0.1 மைக்ரான். இயல்பாக வைக்கும் தளர்வு நேரத்தோடு (மோதலில் எண்கள் சமநிலைக்குத் திரும்பும் நேரம், டைம்ஸ்டெப் அலகில்), அதாவது 1 என்று வைத்தால், டைம்ஸ்டெப் 1.9 நானோநொடி. ஒரு நொடி நிஜ நேரத்துக்கு 53 கோடி அடிகள். பக்கத்துக்கு 200 கட்டங்கள் கொண்ட பெட்டியில் 80 லட்சம் கட்டங்கள். அதில் 10 சதவீதப் பருமனுக்கு 1,500 மணிகள் கொள்ளும். ஜிபியு நொடிக்கு 100 கோடிக் கட்டங்களைப் புதுப்பிக்கிறது என்றால், அந்த ஒரு நொடியை முடிக்க ஏறக்குறைய 50 நாள். மணி தன் ஆரத்தை இரண்டு தடவை தாண்டுவதற்குள் ஒன்றரை மாதம் போய்விடும்.

நடைமுறையில் யாரும் இப்படி ஓட்டுவதில்லை. 70 லட்சம் மடங்கு இடைவெளியை அப்படியே வைக்காமல், நூறு அல்லது ஆயிரம் மடங்காகச் சுருக்கி ஓட்டுவார்கள். வரிசை மாறாத வரை, அதாவது நீர் அடங்குவது முதலில், துகள் விரவுவது பிறகு என்று இருக்கும் வரை, விடை சரியாகவே வரும். இது ஏமாற்று வேலை இல்லை, முறையான உத்திதான். ஆனால் எவ்வளவு சுருக்கினோம் என்று எழுதிவைக்க வேண்டும், இன்னொரு சுருக்கத்திலும் ஓட்டி விடை மாறவில்லை என்று காட்ட வேண்டும். துகளின் வடிவமே வேண்டாம், புள்ளியாக இருந்தால் போதும் என்றால் 1999இல் ஆல்ரிக்ஸும் டூன்வெகும் தந்த புள்ளி இணைப்பு முறை இருக்கிறது. எஸ்பிரெஸ்ஸோ மென்பொருளில் அது தயாராகவே கிடைக்கிறது. பாலிமர் இழைகளுக்கு அது மிக நன்று.

இப்போது கேள்வியை மாற்றுவோம். 100 மைக்ரான் அகலமுள்ள கால்வாயில் 10 மைக்ரான் மணிகள், நீர் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கால்வாயின் ரெனால்ட்ஸ் எண் 100ஐத் தாண்டும். மணிகள் ஓட்டத்துக்குக் குறுக்கே நகர்ந்து குறிப்பிட்ட இடங்களில் வரிசைகட்டும். 1961இல் செக்ரேயும் சில்பர்பெர்கும் வட்டக் குழாயில் கண்டது இதுதான்: துகள்கள் மையத்திலும் இல்லாமல் சுவரிலும் இல்லாமல், ஆரத்தில் 0.6 பங்கு தூரத்தில் ஒரு வளையமாகச் சேர்ந்தன. ரத்த அணுக்களைப் பிரித்தெடுக்கும் மைக்ரோஃப்ளூயிடிக் கருவிகள் சில இந்த விளைவை வைத்தே வேலை செய்கின்றன.

இந்த நகர்வுக்குக் காரணம் நீரின் நிலைமம். பிரௌனியன் டைனமிக்ஸ், ஸ்டோக்ஸியன் டைனமிக்ஸ் இரண்டிலும் நிலைமம் என்பதே கிடையாது. அவற்றின் சமன்பாடுகள் நேரத்தைத் திருப்பினாலும் மாறாதவை என்பதால், தனியாகப் போகும் ஒரு கோளம் குறுக்கே நகரவே முடியாது. எவ்வளவு நுணுக்கமாக ஓட்டினாலும் விடை பூஜ்யம்தான்.

லாட்டிஸ் போல்ட்ஸ்மானில்? 1 மைக்ரான் கட்டம், 0.1 மைக்ரோநொடி டைம்ஸ்டெப். நீர் 3 சென்டிமீட்டர் ஓட 3 லட்சம் அடிகள். 40 லட்சம் கட்டங்கள் உள்ள பெட்டி என்றால் அதே ஜிபியுவில் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நீர் வேகமாக ஓடும் இடத்தில் நீரின் நேரமும் துகளின் நேரமும் பக்கத்தில் வந்துவிடுகின்றன, அதனால் விரயம் இல்லை. "எல்பிஎம் நல்லதா?" என்ற கேள்விக்குத் தனியாக ஒரு பதில் கிடையாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. கட்டங்களால் ஆன கோளம் நீங்கள் கொடுத்த ஆரத்தோடு நடந்துகொள்ளாது. நீர் உணரும் ஆரம் தளர்வு நேரத்தைப் பொறுத்துச் சற்றுக் கூடும், குறையும். முதலில் ஒரே ஒரு கோளத்தை இழுத்துப் பார்த்து, இழுவிசையிலிருந்து அந்த ஆரத்தை அளந்துகொண்டு, பிறகு எல்லாக் கணக்கிலும் அதையே பயன்படுத்த வேண்டும்.

டிபிடி, எம்பிசிடி

நீரையும் துகள்களாகவே வைக்கும் முறைகள் இவை: டிசிபேட்டிவ் பார்ட்டிகிள் டைனமிக்ஸ் (டிபிடி), மல்டி-பார்ட்டிகிள் கொலிஷன் டைனமிக்ஸ் (எம்பிசிடி). டிபிடியை ஹூகர்ப்ருகும் கூல்மனும் 1992இலும், எம்பிசிடியை மலெவானெட்ஸும் காப்ரலும் 1999இலும் கொண்டுவந்தார்கள். மென்மையான பொருள்களுக்கு, அதாவது பாலிமர், கொழுப்புப் படலம், உருமாறும் செல் போன்றவற்றுக்கு இவை எழுதவும் சேர்க்கவும் வசதி. கெட்டியான மணிகளுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. வழக்கமான டிபிடியில் ஷ்மிட் எண் 1க்குப் பக்கத்தில் இருக்கும், நிஜ நீருக்கோ அது 400 வாக்கில். நீர்த் துகள் பரவும் வேகமும் உந்தம் பரவும் வேகமும் ஒன்றாகிவிட்டால் அது திரவம்போல நடந்துகொள்வதைவிட வாயுபோல நடந்துகொள்ளும். எம்பிசிடியில் டைம்ஸ்டெப்பைக் குறைத்து இதை ஓரளவு சரிசெய்யலாம். அதனால் இரண்டில் ஒன்று என்றால் எம்பிசிடி.

மணலும் தூசியும்

துகள் பெரிதானால் இதுவரை பேசிய எல்லாமே தலைகீழாகும். 0.2 மில்லிமீட்டர் மணல் நீரில் நொடிக்கு 2 சென்டிமீட்டர் வாக்கில் விழும், ரெனால்ட்ஸ் எண் 4. பிரௌனியன் இயக்கத்தை மறந்துவிடலாம். ஸ்டோக்ஸ் சூத்திரமும் போதாது, ரெனால்ட்ஸ் எண் கூடும்போது இழுவிசை கூடுவதைச் சேர்க்கும் ஷில்லர்-நௌமன் திருத்தம் வேண்டும்.

இங்கே முதல் கேள்வி எத்தனை துகள்கள் என்பது. எல்கோபாஷி வகுத்த எல்லைகள் நல்ல வழிகாட்டி. பருமனில் பத்து லட்சத்தில் ஒன்றுக்குக் கீழே என்றால் நீர் துகளைத் தள்ளுகிறது என்பது மட்டும் போதும். ஆயிரத்தில் ஒன்று வரை, துகள்கள் திருப்பி நீரைத் தள்ளுவதையும் சேர்க்க வேண்டும். அதற்கும் மேலே துகளும் துகளும் மோதுவதும் வேண்டும். மெலிந்த கலவைக்கு 1983இல் மேக்ஸியும் ரைலியும் தந்த சமன்பாட்டை ஓட்டத்தின்மேல் ஓட்டினால் போதும், ஓப்பன்ஃபோம் போன்றவை இதற்குத் தாராளம். ஆனால் அந்தச் சமன்பாட்டில் எதை விடலாம் என்பது துகளையும் பாய்மத்தையும் பொறுத்தது. காற்றில் மிதக்கும் தூசி காற்றைவிட ஆயிரம் மடங்கு வாக்கில் அடர்த்தி கொண்டது. கூடுதல் நிறை (துகளோடு சேர்ந்து முடுக்கப்படும் பாய்மம்), பாசே வரலாற்று விசை (துகளின் முந்தைய வேகமாற்றங்களால் வரும் இழுவிசை) இரண்டையும் விட்டுவிடலாம். நீரில் மணலுக்கு அப்படி விட முடியாது. தூசிக்கு வேறு ஒரு தொல்லை. காற்று மூலக்கூறுகளின் சராசரி தடையிலாத் தூரம் 66 நானோமீட்டர் வாக்கில் இருப்பதால், 0.1 மைக்ரான் தூசிக்கு ஸ்டோக்ஸ் இழுவிசை உண்மையில் மூன்றில் ஒரு பங்காகிவிடும். கன்னிங்ஹாம் திருத்தத்தைச் சேர்க்காத நிரல் இந்தத் துகள்களை மூன்று மடங்கு மெதுவாக விழவைக்கும்.

அடர்ந்த மணல், பாய்மப் படுக்கை என்றால் சிஎஃப்டி-டிஇஎம்: பாய்ம ஓட்டத்தைக் கட்டங்களிலும் (சிஎஃப்டி), துகள்களின் மோதலைத் தனித்தனியாகவும் (டிஇஎம்) கணக்கிடுவது. 1979இல் கண்டலும் ஸ்ட்ராக்கும் தந்த தொடுகை மாடலும், 1993இல் சுஜியும் சகாக்களும் அதை வாயு ஓட்டத்தோடு இணைத்ததும் இதன் வேர்கள். இங்கே ஒரு கட்டம் ஒரு துகளைவிடச் சில மடங்கு பெரியதாக இருக்கும், ஆகவே துகளைச் சுற்றி ஓடும் ஓட்டம் தெரியவே தெரியாது. அந்த இடத்தை எர்கன் (1952), வென்-யூ (1966) போன்ற அனுபவச் சூத்திரங்கள் நிரப்புகின்றன. உங்கள் முடிவில் பெரும்பங்கு அந்தச் சூத்திரத்தின் முடிவுதான். சூத்திரத்தை மாற்றி ஒருமுறை ஓட்டி, விடை எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்காத கட்டுரையை நான் நம்புவதில்லை. ஒவ்வொரு துகளையும் முழுதாகத் தீர்க்க உல்மன் 2005இல் தந்த அமிழ்ந்த எல்லை முறை இருக்கிறது. ஆனால் விட்டத்துக்கு 10 கட்டங்களுக்குக் குறையாமல் வேண்டும் என்பதால் ஆறு மாத டெஸ்க்டாப் வேலைக்கு அது சில நூறு துகள்களோடு நின்றுவிடும்.

அப்படியானால் நான் எதை எடுப்பேன்?

மைக்ரான் மணிகள், தேங்கிய அல்லது மந்தமான நீர், 10 சதவீதத்துக்குக் கீழே: ரோட்னே-ப்ராகர் வடிவத்தோடு பிரௌனியன் டைனமிக்ஸ், அதையும் கையால் எழுதி. சமநிலை அமைப்பு மட்டும் கேள்வி என்றால் அதுகூட வேண்டாம், நீரில்லாத மாடல். ஓட்டம் வேகமாகி நிலைமம் வந்துவிட்டால், அல்லது சுவர்கள் கோணல்மாணலாக இருந்தால் லாட்டிஸ் போல்ட்ஸ்மான். அடர்ந்த கலவையைக் கடையும் வேலை என்றால் நீர்ப்படலமும் உராய்வும். மணல் என்றால் அடர்த்தியைப் பார்த்து மேக்ஸி-ரைலி அல்லது சிஎஃப்டி-டிஇஎம். ஆறு மாதத்தில் முழு ஸ்டோக்ஸியன் நிரலை முதலிலிருந்து எழுதப் பார்ப்பது மட்டும் வேண்டாம். அது பலருடைய பல வருட வேலை.

எதை எடுத்தாலும் பெட்டியின் அளவை முதல் வாரத்திலேயே சோதித்துவிடுங்கள். எல்லைகளைச் சுற்றிவரச் செய்யும் பெட்டியில் ஒரு மணி தன் பிம்பங்களையும் இழுத்துக்கொண்டே போகிறது. 1959இல் ஹசிமோட்டோ கணக்கிட்ட திருத்தப்படி, பெட்டியின் பக்கம் 20 ஆரம் என்றால் தனி மணியின் விரவல் எண் 14 சதவீதம் குறைந்துவிடும். 40 ஆரமாக்கினால் 7 சதவீதம். நீர்வழி உறவு உள்ள எந்த முறைக்கும் இது பொருந்தும். உங்கள் நிரல் இந்த இரண்டு எண்களையும் தந்தால் மேலே போகலாம். 20 ஆரப் பெட்டியிலேயே ஐன்ஸ்டைனின் எண் அச்சாக வந்துவிட்டால் மகிழ வேண்டாம், உங்கள் மாடலில் நீர் எங்கோ விடுபட்டிருக்கிறது.